நூற்றுக்கு ஐந்து

“ஓடலைன்னா திருப்பிக் குடுக்கறதுக்கு என் பொண்ணு என்ன கடையில வாங்கின வாஷிங் மெஷினா?”

பெண்ணைப் பெற்றவள் கேட்ட இந்தக் கேள்வி, கூடத்து ஜன்னலைத் தாண்டி, எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கைகளை அப்படியே நிறுத்தியது. பிள்ளையைப் பெற்றவளும் சளைத்தவள் இல்லை. மெஷினுக்காவது ரெண்டு வருஷம் கேரண்டி உண்டு, இங்கே நாலு வருஷமாக ஒரு மழலைச் சத்தத்தையும் காணோம் என்று பதிலுக்கு வாரினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கிய பஞ்சாயத்து அது. இரண்டு சம்பந்திகளும் எதிரெதிர் சோபாவில். நடுவில் ஆறிப்போன காபி. மருமகளைக் ‘கொஞ்ச நாளைக்கு’ அம்மா வீட்டில் விட்டுவைக்கலாம் என்பது பிள்ளையைப் பெற்றவளின் யோசனை. அந்தக் கொஞ்ச நாளுக்குள் வேறொரு பெண்ணைப் பார்த்து முடித்துவிடலாம் என்பது யோசனைக்குள் இருந்த யோசனை. தூரத்து உறவில் ஒரு பெண்ணின் போட்டோ ஏற்கெனவே அவள் கைப்பையில் இருந்தது. இது அந்தத் தெருவில் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

மருமகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை. ஊரில் யார் வீட்டில் என்ன பிறந்தாலும் நாள், நேரம், எடை எழுதி முத்திரை குத்துகிறவள். தனக்கான பரிசோதனைகளை இரண்டு முறை செய்துகொண்டு, இரண்டு முறையும் குறையில்லை என்று எழுதி வாங்கி வந்திருந்தாள். டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று மாமியார் அதை ஒதுக்கிவிட்டாள்.

அப்போதுதான் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு அவள் கணவரான பரிசோதகர் வெளியே வந்தார். கையில் ஒரு தாள்.

“நிறுத்துங்க ரெண்டு பேரும். அவளை எங்கயும் அனுப்ப வேண்டாம். குறை என்கிட்டதான்.”

“என்னடா உளர்ற?” என்றாள் அம்மா.

“ரிப்போர்ட் வந்தாச்சும்மா. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு ரிஜெக்ட்.”



இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாட்டில் மூடி செய்கிற தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். பதினொரு வருஷ அனுபவம். ஒவ்வொரு சரக்கிலிருந்தும் இருநூறு மூடிகளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பைத் தடவி, கோணலைக் கண்டுபிடிப்பார். நூற்றுக்கு நாலுக்கு மேல் கோணல் என்றால் மொத்தச் சரக்கும் திரும்பிப் போகும். மெஷின் ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ரிஜெக்ட்’. வீட்டிலும் அதே கண்தான். டம்ளர் கொடுத்தால் தண்ணீரைக் குடிப்பதற்கு முன் விளிம்பைப் பார்ப்பார். புது டூத் பிரஷ்ஷை ஜன்னலோரம் கொண்டுபோய் ஒவ்வொரு நாராக எண்ணாத குறை.

இப்படிப்பட்டவரைப் பார்த்து, மனைவிக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்களும் ஒரு விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவரும் தெருமுனை லேபில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட்டை சனிக்கிழமை ஆபீஸ் விட்டு வரும் வழியில் மனைவிதான் வாங்கி வந்தாள்.

வாங்கியதும் அவர் முதலில் பார்த்தது ஸ்டேப்ளர் பின்னை. அதன் அடியில், கிழிந்த காகிதத்தின் ஒரு சின்ன மூலை மாட்டிக்கொண்டிருந்தது. லேபின் வேலைத்தரம் சுமார்தான் என்று மனதில் குறித்துக்கொண்டார். பிறகு படித்தார்.

தாளில் மூன்று பத்திகள். முதலாவதில் என்ன சோதித்தார்கள் என்பது. இரண்டாவதில் அவருடைய எண். மூன்றாவதில் ‘வரம்பு’. எண்ணிக்கை, அசைவு என்று மேலே சில வரிகள் இருந்தன. அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சரக்கு எத்தனை பெட்டி, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பதெல்லாம் டெலிவரி பிரிவின் கவலை. அவர் பிழைப்பு வடிவம். வடிவம் கடைசி வரியில் இருந்தது. இயல்பான வடிவம் கொண்டவை: நூற்றுக்கு ஐந்து. வரம்பு: நான்கு.

தொழிற்சாலையில் வரம்பு என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. எத்தனை கோணலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது. நாலு வரை பொறுக்கலாம். இவரிடம் தொண்ணூற்றைந்து. கீழே சின்ன எழுத்தில் ‘இருநூறு எண்ணப்பட்டது’ என்றும் போட்டிருந்தார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லை, முறைப்படிதான் எண்ணியிருக்கிறார்கள்.

“என்ன போட்டிருக்கு?” என்று மனைவி கேட்டாள்.

சொன்னார். டாக்டரிடம் காட்ட வேண்டிய அவசியமில்லை, ரிப்போர்ட் படிப்பதுதான் தன் பிழைப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மனைவி சற்று நேரம் அவரையே பார்த்தாள். “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை.

பெண்ணைப் பெற்றவள் ஆறிப்போன காபியை நிதானமாக எடுத்துக் குடித்தாள். பெண்ணின் தலையைத் தடவினாள். “பரவாயில்ல சம்பந்தி. எங்க பொண்ணுக்குப் பெரிய மனசு. இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு, படியில் இறங்கும்போது எதிர்வீட்டு மாடியை நிமிர்ந்து பார்த்து ஒரு புன்னகையும் செய்துவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டின் நடைமுறை மாறியது. ஐந்து மணிக்கு எழுந்துகொண்டிருந்த மருமகள் ஆறரைக்கு எழுந்தாள். காபியை மாமியார் கொண்டுவந்து கொடுத்தாள். மொட்டைமாடியில் மாமியாரே துணி காயப்போடுகிற காட்சியை அந்தத் தெரு நாலு வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தது. கைப்பையிலிருந்த போட்டோ தபாலில் திரும்பிப் போனது.

ஆனாலும் பெற்ற மனம் கேட்குமா? மெஷின் தப்பாகக் காட்டியிருக்கும், வேறு இடத்தில் பார் என்று அம்மா நச்சரித்தாள். பரிசோதகருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு சரக்கைத் தள்ளுவதற்கு முன் இரண்டாவது மாதிரி எடுப்பது முறைதான்.

இந்தத் தடவை நல்ல மாதிரியாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு வரச் சொல்லி லேபில் எழுதியிருந்தார்கள். அது சாதாரண ஆட்களுக்கு என்று நினைத்துக்கொண்டார். தட்டுப்பாடு இருக்கும்போது சேர்த்து வைப்பதுதானே புத்திசாலித்தனம்? இருபத்து நாலு நாள் சேர்த்து வைத்தார். ரிப்போர்ட் வந்தது. அசைவு ஐம்பத்தாறிலிருந்து முப்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது.

கிடங்கில் தேங்கிய சரக்கு கெட்டுப்போகும் என்பது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார். அப்படியானால் புத்தம்புதிதாகக் கொடுக்க வேண்டும். முதல் நாளும் மறுநாளும் என்று கிடங்கை ஒழித்து, மூன்றாம் நாள் காலையில் மாதிரி கொடுத்தார். அளவும் எண்ணிக்கையும் பாதிக்குப் பாதி குறைந்தன.

தொழிற்சாலையில் மூன்றாம் நம்பர் மெஷினை ஓட்டுகிற ‘நட்டு’விடம், பொதுவாகக் கேட்பதுபோல், சரக்கு கோணிக்கொள்வதற்கு என்ன காரணம் என்று விசாரித்தார்.

“சூடுதாண்ணே. அச்சுல இருந்து எடுத்ததும் குளிரவிடணும். இல்லைன்னா நெளிஞ்சிடும்.”

அன்று மாலையிலிருந்து குளியலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதில் ஐஸ் தண்ணீர். தொட்டிக்குள் பரிசோதகர். கையில் செய்தித்தாள், நாற்பது நிமிடம். முதல் நாள் குளியலறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள்.

மனைவி கதவுக்கு வெளியே நின்று, “போதுங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்” என்றாள். இந்தப் பேச்சை அவள் மூன்று தடவை எடுத்தாள். மூன்று தடவையும் அவர் கேட்கவில்லை. மூன்றாவது தடவை பதில் சொல்லவும் முடியாத நிலை. வாயில் தெர்மாமீட்டர் இருந்தது. ஐஸ் தண்ணீர் ஒன்பதாம் நாள் தன் வேலையைக் காட்டி, நூற்று மூன்று டிகிரிக் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டார்.

காய்ச்சல் விட்டு நாலு வாரம் கழித்துக் கொடுத்த மாதிரியில் எண்ணிக்கை ஒன்பது மில்லியன். நல்ல வடிவம் நூற்றுக்கு இரண்டு.

நாலு ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக ஒரு கிளிப் அட்டையில் மாட்டி, மேலே சிவப்பு மையில் ஒரு வரைபடம் போட்டார். கோடு மலையிலிருந்து விழுந்த மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்வதில் தமக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை என்று, சரக்கைத் திருப்பி அனுப்பும் கடிதத்தின் அதே நடையில், மூன்று பிரதிகள். எழுதி முடித்ததும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றார்.

மனைவி வரி விடாமல் படித்தாள். படிவங்களோடு புழங்குகிறவள் அல்லவா?

“தேதி போடலையே” என்றாள்.

தேதி போட்டுக் கொடுத்தார். மூன்று பிரதிகளையும் வாங்கி, பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, அவருக்குச் சட்டை தேய்க்கப் போனாள்.

இதெல்லாம் வீட்டோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். தொழிற்சாலையில் அவர் ஒரு மூடியைக் கையில் எடுப்பார். விளிம்பு லேசாகச் சாய்ந்திருக்கும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நீயாவது ஒரு பாட்டிலை மூடுகிறாய், உன்னைத் தள்ள நான் யார் என்று தோன்றிவிடும். பாஸ் என்று முத்திரை குத்துவார். அடுத்த மூடியில் விரிசல். அதற்கும் ஒரு வாழ்க்கை இருக்கட்டும் என்று பாஸ்.

மெஷின்காரர்கள் முதல் வாரம் கொண்டாடினார்கள். இரண்டாவது வாரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் நட்டு தயங்கித் தயங்கி வந்து மேஜைக்கு முன் நின்றான்.

“அண்ணே, ஏதாவது ஒண்ணையாவது திருப்பி அனுப்புங்கண்ணே. பயமா இருக்கு.”

அவன் பயந்தது பலித்தது. ஒரு லாரி நிறையப் போன பழச்சாறு பாட்டில்கள், போய்ச் சேரும்போது லாரியின் தரையில் பழச்சாறாகப் போய்ச் சேர்ந்தன. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். பதினொரு வருஷமா ஒரு குறை இல்லையே, என்னய்யா ஆச்சு உனக்கு என்று கேட்டார்.

பரிசோதகர் கிளிப் அட்டையை மேஜையில் வைத்தார்.

மேனேஜர் அதை மூடி ரிப்போர்ட் என்றுதான் எடுத்துக்கொண்டார். சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. “நல்லது நூத்துக்கு ரெண்டா? எந்த மெஷின் இது? உடனே நிறுத்தச் சொல்லு.”

“நான்தான் சார்.”

மேனேஜர் இன்னொரு முறை படித்தார். பிறகு அட்டையை இரண்டு விரலால் தள்ளிவைத்து, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். கம்பெனி டாக்டரம்மாவைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கி வந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கம்பெனி டாக்டரம்மாவிடம் பெரும்பாலும் மெஷினில் நசுங்கிய விரல்கள்தான் வரும். இப்படி ஒரு கேஸ் கிடைத்ததில் அவருக்கு ஓர் உற்சாகம். நாலு ரிப்போர்ட்டையும் மேஜையில் பரப்பி, கடைசியிலிருந்து முதலுக்குப் படித்துக்கொண்டு போனார். முதல் தாளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது நல்லாத்தானே இருக்கு. எதுக்கு மறுபடி மறுபடி எடுத்தீங்க?”

“நல்லாவா? நூத்துக்கு அஞ்சுதான் டாக்டர் தேறியிருக்கு.”

“நாலு இருந்தாலே போதும். அந்த வரம்பு குறைஞ்சபட்சம், அதிகபட்சம் இல்ல. நீங்க ஒண்ணு கூடவே வெச்சிருக்கீங்க.”

பரிசோதகர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “நூத்துக்கு நாலு தேறினா பாஸா? யார் போட்ட ஸ்டாண்டர்ட் இது?”

“பிள்ளை பெத்த ஆம்பளைங்களைப் பரிசோதிச்சுப் போட்ட கணக்கு. அவங்களுக்கே முக்கால்வாசிக்கு மேல கோணல்தான். ஆம்பளைங்க சரக்கு அப்படித்தான்.”

மற்ற மூன்றையும் டாக்டரம்மா ஒவ்வொன்றாக விளக்கினார். இருபத்து நாலு நாள் விட்டால் அசைவு குறையும். ஒரே நாள் இடைவெளியில் கொடுத்தால் எண்ணிக்கை குறையும். அதனால்தான் இரண்டிலிருந்து ஏழு நாள் என்று எழுதுகிறார்கள். பெரிய காய்ச்சல் வந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு எல்லாமே குறையும், புதிது உருவாகி வர அவ்வளவு காலம் ஆகும். குறைந்தாலும் அதற்காக ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. எல்லாம் சரியாக இருந்தும் சிலருக்குத் தாமதமாகலாம். ரிப்போர்ட் ஜோசியம் இல்லை.

“மூணு மாசத்துக்கு எந்த டெஸ்ட்டும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். வீட்டம்மாவைக் கூட்டிட்டு நாலு தெரு நடந்துட்டு வாங்க” என்று சொல்லி, ‘இயல்பு’ என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பரிசோதகர் தெருவில் இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. பாஸ். வீட்டு வாசலிலிருந்தே கத்திவிட வேண்டும் என்று வேகமாக நடந்தார். கேட்டைத் திறக்கும்போது சமையலறை ஜன்னல் தெரிந்தது. மனைவி ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கொட்டையெல்லாம் எடுத்து.

கேட்டிலேயே நின்றுவிட்டார்.

இவரும் இயல்பு, அவளும் இயல்பு. ஆனால் அம்மா சொல்கிற குறைக்கு உட்கார ஓர் இடம் வேண்டும். அந்த வீட்டில் அதற்கு இருப்பது இரண்டே நாற்காலி. இவர் எழுந்துகொண்டால் அது நேராக எங்கே போய் உட்காரும் என்பது அவருக்குத் தெரியும். போட்டோ மறுபடி கைப்பைக்கு வந்துவிடும்.

மேனேஜருக்குக் காட்ட வேண்டிய தாளை மடித்து ஷூவுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

“டாக்டரம்மா என்னடா சொன்னாங்க?”

“அதேதாம்மா. தேறாத கேஸ்னுட்டாங்க.”

மூடிகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வாழ்க்கையில் அவர் தெரிந்தே கொடுத்த முதல் பொய்ச் சான்றிதழ் அது. மனைவி பேப்பரை இறக்கிவிட்டு அவரை ஒரு நிமிடம் கூர்ந்து பார்த்தாள். அவர் விறைப்பாகக் கூரையைப் பார்த்தார்.

அன்றிலிருந்து மனிதர் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தார். தேறாத கேஸுக்கு இவ்வளவு மிடுக்கா என்று தெரு மண்டையைப் பிய்த்துக்கொண்டது. ஒரு பெரிய தியாகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறவரின் நடை அது. தொழிற்சாலையில் பழையபடி மூடிகள் திரும்பிப் போயின. மாலையில் மனைவியோடு நாலு தெரு நடை. கிளிப் அட்டை பரணுக்குப் போய்விட்டது.

அடுத்த வருஷம் மழை விட்ட சமயம், மனைவிக்கு வாந்தி வந்தது. அதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை. அம்மா தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். “தொண்ணூத்தஞ்சு போனாலும் அந்த அஞ்சை வெச்சே என் பையன் சாதிச்சுட்டான், பார்த்தீங்களா” என்று எல்லோரிடமும் சொன்னாள்.

பெண் குழந்தை. பதிவு அலுவலகத்தில் குழந்தையின் நாள், நேரம், எடையை எழுதியவர்கள் சக ஊழியர்கள். முத்திரை மட்டும் தாய் கேட்டு வாங்கிக் குத்தினாளாம். குறை சொல்ல ஆளில்லாத வீட்டில் பொழுது போகாமல், பிள்ளையைப் பெற்றவள் தன் மகள் வீட்டோடு போய்விட்டாள். அங்கே மாப்பிள்ளை இருக்கிறார். காலியான அறைக்குப் பெண்ணைப் பெற்றவள் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். போட்டோவில் இருந்த பெண்ணுக்கு ஒரு கப்பல் இன்ஜினீயரோடு கல்யாணமாகி, அவள் இப்போது கடல் கடந்து எங்கேயோ இருக்கிறாள். நட்டு, தன் மெஷின் சரக்கு தொடர்ந்து திரும்பி வந்ததில் மனம் வெறுத்து, பேனா செய்கிற கம்பெனிக்கு மாறிவிட்டான்.

ஒரு விடுமுறை நாள் காலை, பரிசோதகர் குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காது மடலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் மணி அடித்தது. ஓர் இளம்பெண், கையில் கல்யாணப் பத்திரிகை. எங்கேயோ பார்த்த முகம். தெருமுனை லேபில் கவுண்டரில் இருந்த பெண்.

“அக்கா இல்லையா சார்? கல்யாணம் முடிஞ்சதும் அவர் இருக்கற வெளிநாட்டுக்கே போயிடறேன். பாஸ்போர்ட்டுக்கு என் பர்த் சர்டிஃபிகேட்ல அப்பா பேரு தப்பா இருந்துச்சு, அக்காதான் திருத்திக் குடுத்தாங்க. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

மனைவி குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி உட்காரவைத்தார். விவரம் தெரிந்த ஒருவர் இத்தனை நாள் கழித்து அகப்பட்டிருக்கிறார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தை ஒரு முறை உறுதி செய்துகொண்டு, குரலைத் தணித்தார்.

“உங்க லேப் ரிப்போர்ட்ல எனக்கு எல்லாமே நார்மல்தாம்மா. இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அவ தலைமேல பழி விழும்னு, நானே ரிஜெக்ட்டாவே இருந்துட்டேன். அவகிட்டகூட இதுவரைக்கும் மூச்சு விடல. ஆனா ஒண்ணு, உங்க ஸ்டேப்ளர் வேலை சரியில்ல. பின்னுக்கு அடியில கிழிஞ்ச பேப்பர் மாட்டியிருந்தது.”

அந்தப் பெண் பத்திரிகையைக் கீழே வைத்தாள்.

“அது நான் பின் அடிச்ச சீட்டோட மூலை சார். ‘எல்லாம் நார்மல், கவலை வேண்டாம்’னு எழுதி மேல வெச்சிருந்தேன். ‘இது வேண்டாம்மா, எங்க வீட்டுக்காரர் கையில குடுத்தா எதையும் ரிஜெக்ட்தான் பண்ணுவார், எனக்கு அது போதும்’னு சொல்லி, அக்காதான் அதைக் கிழிச்சு எடுத்துக்கிட்டாங்க.”